சாவின் காரணமும் எக்ஸ்ரே ஒளியும்

"அறுத்த உடலை நான் வாங்க மாட்டேன், பிள்ளையை முழுசாய்க் கொடுங்கள்" என்று சவக்கிடங்கின் வாயிலில் ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு அழும் காட்சியைக் காணாத தோட்டத் தமிழர் மிகச் சிலரே ஆவர். காலையில் செம்பனைக் குலை வெட்டப் போன வாலிபன் மாலையில் பிணமாய்க் கிடப்பான். ஏன் இறந்தான் என்று கேட்டால், முனி அடித்துவிட்டது என்பார் ஒருவர்; ஆற்றோரத்துப் பேய் அறைந்தது என்பார் மற்றொருவர்; அவன் தலைவிதி அவ்வளவுதான் என்று கூறித் துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்து போவார் மூன்றாமவர். போலீசார் வந்து பிரேதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்ற பின், மாரடைப்பா, மண்டை உடைவா, விஷமா, பிறர் அடித்த அடியா என்று அறிய டாக்டர் கத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது. கத்தி என்றதும் உறவினர் கூட்டம் கொதித்தெழுகிறது. நான் கிராணியாய் வேலை பார்க்கும் தோட்டத்திலிருந்து இத்தகைய கூட்டத்தாருக்குத் துணையாக இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். அத்தாய்மாரின் துயரை இகழ்வது அறிவுடைமை அன்று. ஆயினும் சாவின் காரணத்தை அறியாமலே பிணத்தைச் சுட்டுச் சாம்பலாக்கிவிடுவது செத்தவனுக்கும் அநீதி, இன்னும் சாகாதிருப்பவருக்கும் அநீதி.

கத்தி வையாமலே உடலின் உள்ளே பார்ப்பதற்கு வழி உண்டா? இக்கேள்விக்கு மனிதர் விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 130 ஆண்டு வரலாறாகும். அதனைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மனி தேசத்து வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் கன்ராட் ரோன்ட்ஜென் என்னும் பௌதிகப் பேராசிரியர் இருந்தார். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, காற்றகற்றிய கண்ணாடிக் குழாயொன்றில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கறுப்புக் காகிதத்தால் மூடிய குழாயினின்றும் கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒரு கதிர் வெளிப்பட்டு, எட்ட இருந்த இரசாயனத் தட்டை ஒளிரச் செய்ததைக் கண்டார். அது இன்னதென அறியாமையால் அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டார். டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கையை அக்கதிரில் வைத்துப் படம் பிடித்தார். சதை நிழலாய் மங்க, எலும்பும் விரலில் அணிந்த மோதிரமும் தெளிவாய்த் தெரிந்தன. சதையை எளிதில் ஊடுருவும் அக்கதிரை எலும்பு பெரிதும் தடுக்கிறது; ஈயமும் இரும்பும் அதனினும் மிகுதியாய்த் தடுக்கின்றன. சூட்சுமம் அவ்வளவே. 1901-இல் பௌதிகத்திற்கான முதல் நோபெல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தாம் கண்டதற்கு உரிமைச் சீட்டு எழுதிக்கொண்டு பொருள் குவிக்க அவர் விரும்பவில்லை. அதனாலன்றோ ஓரிரு மாதங்களில் உலகமெங்கும் அந்தக் கருவி பரவலாயிற்று!

பரவிய வேகத்தைப் பாருங்கள். 1895-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளுக்கு முந்திய இரவு, கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் டால்சன் கன்னிங் என்பவன் காலில் சுடப்பட்டான். டாக்டர்கள் குண்டைத் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. புண் ஆறியும் வலி ஆறவில்லை. 1896 பிப்ரவரி 7-ஆம் தேதி மக்கில் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜான் காக்ஸ் அவன் காலை 45 நிமிடம் கதிருக்கு முன் வைத்துப் படம் எடுத்தார். முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளுக்கும் இடையில் தட்டையாகிக் கிடந்தது குண்டு. அதனை வெளியே எடுத்தனர். பின்னர் அக்கண்ணாடித் தகடே நீதிமன்றத்திற்குச் சென்றது. சுட்ட ஜார்ஜ் ஹோல்டர் 14 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். ரோன்ட்ஜென் தமது அறிக்கையை வெளியிட்டு ஆறு வாரமே கடந்திருந்த காலத்தில் எடுத்த படம் அது.

அவன் பிழைத்தான். பிழைக்காதவள் கதை ஆங்கில நாட்டைச் சேர்ந்தது. லங்காஷயர் ஜில்லாவில் நெசவாலைகள் மிக்க நெல்சன் என்னும் ஊரில், 1896 ஏப்ரல் 23-ஆம் தேதி எலிசபெத் ஆன் ஹார்ட்லி என்னும் மாதைத் தலையிற் சுட்டான் ஒருவன். சுட்டவன் வேற்றானல்லன், அவளைக் கைப்பிடித்த கணவனே. கொண்டவன் அடித்தால் கேட்பாரில்லை என்னும் கொடுமை நம்மவர் லயங்களில் மட்டும் குடியிருப்பதன்று என்பதைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. நான்கு குண்டுகள் மண்டைக்குள் தங்கியிருந்தும் அவள் உடனே சாகவில்லை. அவை எங்கெங்கே தங்கின என்று அறிய ஊர் டாக்டரால் இயலவில்லை. ஆகவே மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்தர் சுஸ்டரின் உதவி நாடப்பட்டது. கண்ணாடிக் குழாயும், மின்சாரச் சுருளும், படத் தகடுகளும் நெல்சனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இக்காலத்தில் கண் இமைக்கும் நேரத்தில் முடியும் அவ்வேலைக்கு அக்காலத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. மண்டையில் நான்கு குண்டுகளோடு ஒரு பெண் ஒரு மணி நேரம் தலை அசையாமற் கிடந்தாள் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முறை போதாமல் மறுபடியும் எடுத்தனர். குண்டுகள் இருந்த இடம் தெரிந்தது. ஆயினும் மே மாதம் அவள் இறந்தாள். கொலையாய் முடிந்த குற்றமொன்றில் எக்ஸ்ரே படம் எடுத்ததற்குப் பழமையான சான்றாக இத்துறை நூலோர் இதனையே எடுத்துக் காட்டுவர். படம் அவளைக் காக்கவில்லை. அவள் சாவுக்குக் காரணம் இன்னதென்பதை மட்டும், கத்தி படுவதற்கு முன்பே, காட்டி வைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், தொடை எலும்பு முறிவைச் சரியாய்க் கவனிக்கவில்லை என்று ஒரு டாக்டர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், லிஃபேவர் என்னும் நீதிபதி எக்ஸ்ரே படத்தைச் சாட்சியமாய் ஏற்றார். கண்ணாற் கண்டறியாத ஒன்றைப் படம் பிடித்ததாகச் சொல்வதை எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பினர் வாதாடியது செல்லவில்லை. அன்று முதல் இக்கதிர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி வருகிறது.

அரசர்களின் பிணங்களும் இதற்குத் தப்பவில்லை. எகிப்து தேசத்துத் துட்டன்காமன் என்னும் இளம் அரசன் பட்டத்திலிருந்தபடியே ஏறத்தாழ 19 வயதில் மாண்டவன். 1968-இல் லிவர்பூல் சர்வகலாசாலை ஹாரிசன் என்பவர் அவன் பாடம் செய்த உடலை எக்ஸ்ரே எடுத்தபோது, மண்டைக்குள் எலும்புத் துண்டு காணப்பட்டது. உடனே, பின்னந்தலையில் அடித்துக் கொன்றார்கள் என்று கதை கிளம்பிற்று; மந்திரி கொன்றான், தளபதி கொன்றான் என்று புத்தகங்கள் எழுதி விற்றார்கள். 2005 ஜனவரியில் அதே உடலை நவீன ஸ்கேன் கருவியில் ஏற்றி ஏறத்தாழ 1,700 படங்கள் எடுத்துப் பார்த்தபோது, தலையில் அடி விழுந்ததற்கு அடையாளமே இல்லை. அத்துண்டுகள் இறந்த பின் உண்டானவை என்று தெரிந்தது. இடது தொடை எலும்பில் மட்டும், சாவுக்குச் சிறிது முன் ஏற்பட்டிருக்கக்கூடிய முறிவு ஒன்று காணப்பட்டது. படம் பொய் சொல்லவில்லை. படத்தைப் படித்தவர்கள் அவசரப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஆல்ப்ஸ் மலையில் நிகழ்ந்தது. 1991 செப்டம்பரில் இத்தாலி-ஆஸ்திரிய எல்லைப் பனியில் ஒரு மனிதனின் பிணம் அகப்பட்டது. 5,000 ஆண்டுக்கு மேற்பட்டது. வழி தவறிக் குளிரில் விறைத்துச் செத்தான் என்றே பலரும் கருதினர். பத்தாண்டு கழித்து, 2001-இல், போல்சானோ நகரில் எடுத்த படத்தில் இடது தோளுக்குள் கல்லாலான அம்பு முனை ஒன்று தெரிந்தது. பின்னர் எடுத்த ஸ்கேன் படங்களில், அம்பு தைத்த வழியில் பெரிய இரத்தக் குழாய் கிழிந்திருந்ததையும் கண்டனர். குளிர் கொன்றதாய் எண்ணப்பட்டவனைக் கொன்றது முதுகுப்புறமிருந்து வந்த மனிதக் கை! ஐயாயிரம் ஆண்டு மறைந்திருந்த கொலையாளியின் பெயரை அறிய இயலாது. செயலை அறிய முடிந்தது.

மேற்கூறியவை வியப்புக்கு உரியவை. இனிக் கூறப்போவது வெட்கத்திற்கு உரியது. நியூயார்க்கில் ஜான் காஃபி என்னும் டாக்டர் இருந்தார். குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களைப் படிப்பதில் வல்லவர். மண்டைக்குள் இரத்தம் கட்டிய ஆறு பச்சிளங் குழந்தைகளின் படங்களில், கை கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள் இருந்ததை 1946-இல் அவர் எழுதி வெளியிட்டார். எலும்பு நோய் எதுவும் அக்குழந்தைகளுக்கு இல்லை. சில முறிவுகள் புதியவை. சில ஆறத் தொடங்கியவை. ஆகவே ஒரே நாளில் ஒரே விழுக்காட்டில் நேர்ந்தவையல்ல. வீட்டாரைக் கேட்டால், ஒன்றும் தெரியாது என்றனர். பெற்றவரே அடித்தனர் என்று காஃபி அப்போது வெளிப்படையாய் எழுதத் துணியவில்லை. மற்ற டாக்டர்களும் நம்பத் துணியவில்லை. தாய் தந்தையர் தம் மழலையின் எலும்பை முறிப்பார்களா என்ற எண்ணம் அவர்களின் கண்ணை மறைத்தது. 1962-இல் டென்வரில் கெம்ப் என்பவரும் அவரைச் சேர்ந்தோரும், அடிபட்ட குழந்தை நோய் என்று அதற்குப் பெயரிட்டு உலகறிய எழுதிய பின்னரே சட்டங்கள் வந்தன. கட்டிலினின்று விழுந்தது, தொட்டில் கயிறு அறுந்தது என்று சொல்லி அடக்கம் செய்துவிட எண்ணும் சிசுவின் உடலை, அறுப்பதற்கு முன்னே தலை முதல் கால் வரை எக்ஸ்ரே எடுப்பது இன்று பல நாடுகளில் முறையாகிவிட்டது. விலா எலும்பின் பின்புறத்து முறிவும், ஆறிய தழும்பும் கத்திக்கு எளிதில் அகப்படா, படத்தில் அகப்படும். பெற்றோர் என்னும் பதவி ஒருவரைத் தெய்வமாக்கிவிடும் என்று மேடைகளில் முழங்கும் நம் புலவர்கள் அப்படங்களை ஒருமுறை பார்த்தல் நலம். மறுபுறமும் உண்டு: எலும்பு எளிதில் ஒடியும் பிறவி நோயால் முறிந்த எலும்பைப் பார்த்துவிட்டுக் குற்றமற்ற பெற்றோரைக் கூண்டிலேற்றும் தவறும் நேரக்கூடும். ஆகவே படம் ஒன்றையே பிடித்துக்கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

எக்ஸ்ரே படம் தட்டையானது. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிழல் விழும். மூளை, ஈரல் முதலிய மென்மையான உறுப்புக்களை அது பிரித்துக் காட்டாது. இக்குறையை நீக்கியவர் ஆங்கில நாட்டு ஈ.எம்.ஐ. கம்பெனியைச் சேர்ந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. கதிரை உடலைச் சுற்றிச் சுழலவிட்டு, பல கோணங்களில் வரும் அளவுகளைக் கணினியால் கூட்டிக் கழித்து, ரொட்டியைத் துண்டு போட்டுப் பார்ப்பதுபோல் உடலின் ஒவ்வொரு குறுக்கு அடுக்கையும் படமாக்கும் சி.டி. ஸ்கேன் கருவியை அவர் அமைத்தார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் தலையை அதில் முதன்முதல் பார்த்தனர். 1979-இல் அவருக்கும் காரமக் என்பவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1977-லேயே ஜெர்மானியர் சிலர், துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தோரின் தலைகளை அக்கருவியில் வைத்துப் பார்த்து எழுதியுள்ளனர். எனினும் உயிருள்ளோருக்கே கருவி போதாத காலத்தில் பிணத்திற்கு யார் இடம் கொடுப்பார்? இருபதாண்டு அவ்வெண்ணம் அப்படியே கிடந்தது.

அதனை எடுத்து நிறுத்தியோர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தார். அங்கே சட்ட மருத்துவத் தலைவராயிருந்த ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபரும், மைக்கேல் தாலி முதலிய துணைவரும் 1990-களின் இறுதியில் ஒரு முயற்சியைத் தொடங்கி அதற்கு விர்ட்டாப்ஸி என்று பெயரிட்டனர். அறுத்துப் பார்த்த டாக்டர் தாம் கண்டதைத் தம் சொல்லால் எழுதி வைக்கிறார். உடல் மண்ணுக்கோ நெருப்புக்கோ போனபின் அவர் கண்டது சரியா என்று மற்றொருவர் சோதிக்க வழியில்லை. படமோ அழியாமல் இருக்கும். பத்தாண்டு கழித்தும், வேறு தேசத்திலிருந்தும், எதிர்த்தரப்பு டாக்டரே எடுத்துப் பார்க்கலாம். அவர்களுடைய உட்கருத்து இதுவே. 40 உடல்களை முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளில் வைத்துப் பார்த்து, பிறகு அறுத்தும் பார்த்து, முடிவை 2003-இல் வெளியிட்டனர். அறுவையில் தெரிந்த சாவுக் காரணங்கள் 47; அவற்றுள் படத்தினால் மட்டுமே கண்டுபிடித்தவை 26. பாதிக்குச் சற்று மேல்! தோற்றவற்றையும் மறைக்காமல் எண்ணிச் சொன்ன அந்நேர்மை பாராட்டத்தக்கது.

பிணத்தைப் படம் பிடிப்பதில் ஒரு வசதி உண்டு. உயிருள்ளவனுக்குக் கதிரின் அளவு மிஞ்சினால் கேடு. பிணத்திற்கு அக்கவலை இல்லை. மூச்சும் நெஞ்சும் அசையாமையால் படம் கூர்மையாய் விழும். உறையைத் திறக்காமலே, உடையைக் களையாமலே எடுக்கலாம். குண்டு, முறிந்த எலும்பு, மண்டைக்குள் ஓடிய இரத்தம், இருக்கத் தகாத இடத்தில் புகுந்த காற்று ஆகியவை கத்தியைவிடப் படத்திலேயே நன்கு தெரியும். ஆனால் படத்திற்கு நிறமில்லை, மணமில்லை. விஷம் தெரியாது. அழுகும் உடலில் தானே உண்டாகும் காற்று, காயத்தினால் புகுந்த காற்றுப்போலத் தோன்றி ஏமாற்றும். மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் 182 பெரியோரின் உடல்களை இருவகையாலும் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, சி.டி. படத்தால் கூறிய காரணம் நூற்றுக்கு 32 உடல்களில் அறுவை முடிவோடு பெரிதும் மாறுபட்டது, எம்.ஆர்.ஐ. படத்தாலோ நூற்றுக்கு 43. நம்மவரை மிகுதியாய்க் கொண்டுபோகும் மாரடைப்பே படத்துக்கு அதிகம் தப்பியவற்றுள் ஒன்று. பின்னர் லெஸ்டர் நகரில் ரட்டி என்பவரைச் சேர்ந்தோர், பிணத்தின் இரத்தக் குழாய்களில் மருந்து செலுத்திப் படம் எடுத்து, நூற்றுக்கு 92 உடல்களில் சாவின் காரணத்தைக் கூற முடிந்ததாக 2017-இல் எழுதினர். வித்தை வளர்ந்துகொண்டே போகிறது.

மத உணர்ச்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கூறாமல் விடலாகாது. 1990-களின் பிற்பகுதியில் மான்செஸ்டர் வட்டாரத்து யூதர்கள், உடலை அறுப்பது தம் சமயத்திற்கு ஒவ்வாதென்று மறுத்துக் கூச்சலிடுவதோடு நிற்கவில்லை. அறுக்காமல் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்து, மரண விசாரணை அதிகாரியையும் இணங்கச் செய்தனர். உணர்ச்சிக்கு அறிவைக் கொண்டு வழி தேடிய செயல் இது. நம்மவர் அலுவலகத்துக்கு அலுவலகம் சிபாரிசு தேடி அலைவதையும், யாரையாவது பிடித்து "சீக்கிரம் விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று கெஞ்சுவதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானில் நடந்தது ஒன்று போதும். 2007 ஜூன் மாதம், சுமோ மல்யுத்தம் பழகச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் பயிற்சிக்கூடத்தில் இறந்தான். இருதய நோய் என்று முதலிற் கூறி முடித்துவிட்டனர். உடலைக் கண்ட பெற்றோர் காயங்களைப் பார்த்து ஐயுற்று, தாமே வேண்டி அறுத்துப் பார்க்கச் செய்தனர். அடித்துத் துன்புறுத்தியதே காரணம் என்பது வெளிப்பட்டது. பயிற்சிக்கூடத் தலைவன் சிறை சென்றான். பெற்றோர் வாய் மூடியிருந்தால் அப்பையன் இருதய நோயாளியாகவே கணக்கில் நின்றிருப்பான். அந்நாட்டில் பிணத்தை அறுப்பது மிக அரிது. ஸ்கேன் கருவிகளோ மிகுதி. ஆகவே இறந்தோரைப் படம் பிடிக்கும் முறை அங்கே விரைந்து பரவிற்று. சாவின் காரணத்தை ஆராய்வதற்கென்றே 2012-இல் தனிச் சட்டமும் இயற்றினர்.

நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தேசியச் சட்ட மருத்துவக் கழகத்தில் 2010-ஆம் ஆண்டு இறந்தோருக்கென்றே சி.டி. ஸ்கேன் கருவி அமைக்கப்பட்டது. ஆசியாவில் இவ்வகையில் முந்திக்கொண்ட இடங்களுள் இதுவும் ஒன்று. விரைவில் அடக்கம் செய்ய விழையும் முஸ்லிம்களும், அறுப்பதற்கு அஞ்சும் இந்துக்களும் சீனரும் கலந்து வாழும் நாட்டிற்கு இது பெரிதும் பொருந்துவதே. ஆனால் எல்லா ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குகளிலும் அத்தகைய கருவி இல்லை. சந்தேகத்திற்குரிய சாவில் சட்டப்படி பரிசோதனைக்கு உத்தரவு பிறந்துவிட்டால், அதற்குக் குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை என்பதையும் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயினும், படம் எடுத்துப் பார்த்தால் போதுமா, எந்த அளவு அறுக்க வேண்டும் என்று டாக்டரை மரியாதையாய்க் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. வாயிலில் நின்று கூவுவதினும் உள்ளே சென்று கேட்பது மேல்.

கேட்டறிந்த பின், கத்தியும் வேண்டும் என்று டாக்டர் கூறுவாராயின், அதனை மறுக்குமுன் நம்மவர் ஒரு வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரை அடுத்த ஊரொன்றில், 2009 ஜனவரியில், போலீஸ் காவலில் இருந்த தமிழ் வாலிபன் ஒருவன் இறந்தான். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதற் பரிசோதனை. குடும்பத்தார் ஒப்பவில்லை. இரண்டாம் முறை வேறோர் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். அந்தப் பரிசோதனையில் உடலின் புறத்தே 45 காயங்கள் எண்ணப்பட்டன. அடியினால் தசை சிதைந்து, அதன் நஞ்சு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று டாக்டர் கூறினார். குண்டையும் எலும்பு முறிவையும்போல ஸ்கேன் படம் பளிச்சென்று காட்டக்கூடியதன்று இது. தசையையும் சிறுநீரகத்தையும் துணுக்காய் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலன்றிப் பிடிபடாதது. 2013-இல் உயர்நீதிமன்றம் அக்குடும்பத்திற்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அவ்வழக்கை நடத்தியவள் அவனைப் பெற்ற தாயே. தன் மகன் உடலை இரண்டாம் முறை அறுக்க இசைந்தவளும் அவளே.